கைப்பையில் தீப மை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவன் நான். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கினேன். கிரிவலப் பாதையில் இளநீர் வண்டி தள்ளினேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு அந்தாண்டை, ஓடு போட்ட இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டேன். இரண்டு நாலாச்சு, நாலு பதினாலாச்சு. எங்கள் ஊரை ஜில்லாத் தலைநகரமாக்கினார்களே, எண்பத்தொன்பதில், அந்த வருஷம்தான் என் லாட்ஜுக்கு இங்கிலீஷ் பலகை மாட்டினேன். அந்த எழுத்து இன்றைக்கும் எனக்குப் படிக்க வராது. ஆனால் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் பேசாத தேசத்துக்காரன் இல்லை. யார் முன்னாலும் கை கட்டி நின்றதும் இல்லை.

அப்படிப்பட்ட என்னை ஒரு நாள் காலையில் ஏர்போர்ட்டில் இரும்பு மேசை முன்னால் நிற்க வைத்து, என் சாமி பிரசாதத்தைப் பேனா முனையால் கிளறினார்கள். அதைத்தான் எழுதப் போகிறேன். வருஷம் பல ஆச்சு, ஆறிப் போயிருக்கும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் தெரிகிறது, ஆறவில்லை.

சோதனை என்றால் என்ன என்று தெரியாமல் கத்துகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். லாட்ஜ் நடத்துகிறவனுக்குப் போலீஸ் சோதனை காலை காப்பி மாதிரி. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வந்து தங்கினால் ஒரு நாளைக்குள் ஃபாரம் எழுதிக் கொடுக்க வேண்டும். பேர் என்ன, பாஸ்போர்ட் நம்பர் என்ன, எங்கேயிருந்து வந்தார், இங்கேயிருந்து எங்கே போவார், எல்லாம் அதில் இருக்க வேண்டும். எனக்கு இங்கிலீஷ் எழுத வராததால் என் மகள்தான் அதையெல்லாம் எழுதினாள். கல்யாணமாகிப் போகிற வரைக்கும் எங்கள் லாட்ஜ் ஃபாரத்தில் இருந்தது அவள் கையெழுத்துதான். ஒரு எழுத்து தப்பு என்று ஒருநாளும் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்ததில்லை.

நாட்டில் எங்கேயாவது குண்டு வெடித்தால் மறுநாள் காலையில் எங்கள் ரோட்டில் ஏட்டையா நிற்பார். கார்த்திகை தீபத்துக்குக் கோபுர வாசலில், கதவில்லாத நிலை மாதிரி ஒன்றை நிறுத்தி, ஒவ்வொருத்தராக அதற்குள் நுழைந்து வரச் சொன்னார்கள். என் இடுப்பில் இருப்பது வெள்ளி அரைஞாண். வருஷா வருஷம் அந்த நிலை என்னைப் பார்த்துக் கத்தும். சட்டையைத் தூக்கிக் காட்டுவேன். "போங்க மொதலாளி" என்பார்கள். நான் முணுமுணுத்ததே இல்லை. அத்தனை ஜனம் கூடுகிற இடத்தில் நாலு பேருடைய கெட்ட புத்திக்கு நாலாயிரம் பேரைத் தடவித்தான் பார்க்க வேண்டும். பார்க்கட்டும்.

ஆனால் சோதிக்கிறவனுக்கு ஆளைப் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு தடவை பதினோராம் நம்பர் அறையில் ஒரு வெள்ளைக்கார அம்மா, எழுபது வயசு இருக்கும். ஏட்டையா பையைத் திறந்து காட்டச் சொன்னார். உள்ளே ஒரு தகர டப்பா. திறந்தால் சாம்பல் நிறத்தில் பொடி.

"என்னாய்யா இது, வெடிமருந்தா?" என்றார் ஏட்டையா. விரலை விட்டு எடுத்து மோந்து வேறு பார்த்தார்.

அந்த அம்மா டப்பாவைப் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டு, "ஹஸ்பண்ட், ஹஸ்பண்ட்" என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"ஏட்டையா, மூடச் சொல்லுங்க. உள்ள இருக்கறது அவங்க வீட்டுக்காரர்."

அவர் கையை உதறின உதறு இருக்கிறதே! "மொதல்லயே சொல்றதில்லையா, குளிச்சிட்டுத்தான்யா இனிமே ஸ்டேஷனுக்குப் போவணும்" என்று முனகிக்கொண்டே கிணற்றடிக்கு ஓடினார். மலையைப் பார்த்த மாதிரி புருஷனைக் கரைக்க வேண்டும் என்று கடல் தாண்டி வந்திருக்கிறாள் அந்த அம்மா. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம்தான் ஆச்சு. பாஷையும் தெரியாது, படிப்பும் இல்லை.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகளைச் சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மாப்பிள்ளைக்குக் கொடுத்தேன். அவள் முதல் தடவை விமானம் ஏறின நாளிலேயே ஏர்போர்ட்டுக்கும் எனக்கும் ஆகவில்லை. முன்னெல்லாம் டிக்கெட் வாங்கினால் வழியனுப்புகிறவர்களும் உள்ளே போய்க் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். என் லாட்ஜ் விருந்தாளிகளை விடப் போனபோது நானே போயிருக்கிறேன். மகள் போகிற அன்றைக்குப் பார்த்து, பாதுகாப்புக் காரணம் என்று அதை மூடி வைத்திருந்தார்கள். துப்பாக்கி வைத்திருந்த ஆளுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். பெற்றவன் பெண்ணை வழியனுப்புவதில் நாட்டுக்கு என்ன ஆபத்து வந்துவிடும்?

அங்கே போனவளுக்கு இரண்டு தடவை கர்ப்பம் தங்கவில்லை. இரண்டாவது தடவை ஐந்து மாசத்தில் போனது. அன்றைக்கு போனில் அவள் பேசவே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. மூன்றாவது தரித்தபோது அவளே சொன்னாள்: "அப்பா, இந்தத் தடவை நல்லபடியா பொறந்துட்டா, நீயே வந்து உன் கையால கொழந்தை நெத்தியில தீப மை வைக்கணும்பா."

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கார்த்திகை தீபத்துக்கு மலை உச்சியில் கொப்பரையில் நெய் ஊற்றி, காடாத் துணியில் திரி போட்டு ஏற்றுவார்கள். பதினோரு நாள் எரியும். மழையும் காற்றும் தாண்டி எரிந்து முடிந்தபின் கொப்பரையில் தங்குகிற கரியை எடுத்து நெய்யோடு சேர்த்து மையாக்குவார்கள். ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்கு வைத்தபிறகுதான் நமக்கு. நெய்க் காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கையளவு பொட்டலம் கிடைக்கும். இளநீர் வண்டி தள்ளின காலத்திலிருந்து ஒரு வருஷம் தவறாமல் நெய் கொடுத்தவன் நான். ஒன்றிரண்டு தங்காமல் போய்ப் பிறக்கிற பிள்ளைக்கும், பிறந்து அழுது அழுது நீலம் பாய்கிற பிள்ளைக்கும் அதைத்தான் வைப்போம்.

மார்கழியில் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு முன்னாலேயே என் வீட்டுக்காரி அங்கே போய்விட்டாள். பேர் வைக்கிற நாளுக்கு நான் வர வேண்டும். மையை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பியில் அழுத்தி நிரப்பி வைத்தேன். கிளம்புகிறதுக்கு முந்தின நாள் வீட்டுக்காரி போன் செய்தாள்.

"மையை எங்க வெச்சீங்க?"

"பெட்டியில."

"பெட்டியில செருப்பு இருக்குதா இல்லையா?"

"புதுச் செருப்புடி. கால்லயே போடல."

"செருப்பு செருப்புதான். அதோட சாமி மையைப் போட்டு, அவன் தூக்கிக் கடாசி, அது மேல பத்துப் பேரு மூட்டையைப் போட்டு... கொழந்தைக்கு வைக்கிறது! கையிலயே எடுத்தாருங்க. மடியில வெச்சிக்கினு வாங்க."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. பிரசாதத்தைச் செருப்போடு போடுகிறவன் எங்கள் ஊரில் எவனும் இல்லை. டப்பியை எடுத்துக் கைப்பையில், துண்டுக்கு நடுவில் வைத்தேன். பெட்டியில் என்றால் மையை விடுவார்கள், கைப்பையில் என்றால் விடமாட்டார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? வேறு ஏதோ தேசத்தில் எவனோ பாட்டிலில் மருந்து கலந்து விமானத்தை வெடிக்கப் பார்த்தானாம். அதனால் உலகம் முழுக்கத் தண்ணி, எண்ணெய், பசை, களிம்பு எதையும் கையில் எடுத்துப் போகக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தார்கள். அதை எங்கே எழுதி ஒட்டியிருந்தார்கள்? ஏர்போர்ட்டுக்குள்ளே, பெட்டியை வாங்கிக்கொண்டு அனுப்பின பிறகு வருகிற சுவரில். அதுவும் இங்கிலீஷிலும் இந்தியிலும்.

வரிசையில் நின்றேன். தடவிப் பார்த்தவன் கையிலிருந்த கருவி என் இடுப்பில் கத்தியது. அரைஞாணைக் காட்டினேன். கழற்று என்று சைகை செய்தான். "செத்தாத்தான்யா இது எறங்கும்" என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நான் சொன்ன விதத்தில் சிரித்துவிட்டான். போ என்று கையைக் காட்டினான். நல்ல மனுஷன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்குள் பைகள் போகிற பட்டை நின்றுவிட்டது. "யே கிஸ்கா பேக்?" என்று இந்தியில் ஒரு குரல், இது யார் பை என்று. என் பை.

மீசை வைத்த ஒரு ஜவான் துண்டை விரித்து டப்பியை எடுத்தான். திறந்தான். கன்னங்கரேல் என்று மை. மோந்து பார்த்தான். நெய்யும் கரியும் கலந்த வாசனை. இன்னொருத்தனைக் கூப்பிட்டான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, அதன் முனையால் கிளறினான். 

"வாட் ஈஸ் திஸ்?"

பதினெட்டு வருஷம் வெள்ளைக்காரனோடு பேசின இங்கிலீஷ் எதற்கு இருக்கிறது? தைரியமாக எடுத்துவிட்டேன்.

"நோ பிராப்ளம் சார். திஸ் காட். பிக் மவுண்டன். டாப்ல பிக் ஃபயர். லெவன் டேஸ் ஃபயர். ஆல் பீப்பிள் கம்மிங், சீயிங் ஃபயர். கிளாத் பர்னிங், நெய் பர்னிங், தென் திஸ் பிளாக்."

லாட்ஜில் இதைச் சொன்னால் வெள்ளைக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். இங்கே இரண்டு பேரும் ஒரு அடி பின்னால் போனார்கள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு கண்ணாடிக்காரர், "பெரியவரே, ஃபயர்னு சொல்லாதீங்க, ஃபயர்னு சொல்லாதீங்க" என்று கிசுகிசுத்தார். அதற்குள் மூன்று தடவை சொல்லியாச்சு.

என்னைத் தனியாக அந்த இரும்பு மேசைக்கு இட்டுப் போனார்கள். வெள்ளைத் துணியால் டப்பியின் விளிம்பைத் துடைத்து ஏதோ மிஷினில் வைத்தார்கள். என் கையையும் துடைத்து வைத்தார்கள். மிஷின் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே விட்டிருக்க வேண்டாமா? வெடிமருந்து இல்லை என்று அவர்கள் மிஷினே சொல்லிவிட்டதே! விடவில்லை. மேலதிகாரி வரட்டும் என்றார்கள். சிங்கப்பூர் விமானத்துக்குக் கூப்பிடுகிற சத்தம் ஒரு தடவை கேட்டுவிட்டது.

மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குப்பைத் தொட்டி. அதில் தண்ணி பாட்டில், ஊறுகாய் ஜாடி, நகவெட்டி, தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். அதற்கு மேலே சுவரில் ஒரு பலகை. இங்கிலீஷ் என்பதால் கண்ணாடிக்காரரைக் கேட்டேன். அவர் பை வருவதற்காக அங்கேயே நின்றிருந்தார்.

"அது யார் யாரைச் சோதிக்க வேண்டாம்னு லிஸ்ட்டுங்க" என்றார். "பெரிய பெரிய பதவியில இருக்கறவங்க."

"அவங்க யாரும் கெட்டவங்க இல்லைன்னு எந்த மிஷின் சொல்லுச்சு?"

அவர் பையை எடுத்துக்கொண்டு நழுவிவிட்டார்.

மேலதிகாரி வந்தார். பெண். என் மகள் வயசுதான் இருக்கும். டப்பியைப் பார்த்தார். பேனாவை எடுக்கவில்லை. இரண்டு கையாலும் எடுத்தார்.

"ஐயா, திருவண்ணாமலைங்களா?"

தமிழ் கேட்டதும் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"தீப மை. எங்கம்மா பூஜை மாடத்துல இருக்குதுங்க. எனக்குத் திண்டிவனம் பக்கம்."

"அப்போ சொல்லும்மா இவங்களுக்கு! என் பேத்திக்கும்மா. ரெண்டு போயி மூணாவது தங்கினது."

அந்தப் பெண் டப்பியை மூடி மேசையில் வைத்தாள். அப்புறம், "தெரியுதுங்க ஐயா. ஆனா இது பசை மாதிரி இருக்கு. கையில விட முடியாது. ரூல்" என்றாள்.

தெரியாதவன் கிளறினான், அதைப் பொறுத்துக்கொண்டேன். தெரிந்தவள் தடுத்தாளே, அங்கேதான் எனக்குத் தீ பிடித்தது.

"என்னா ரூலு? இது வெடிக்கும்னு உனக்குத் தோணுதா?"

"தோணலைங்க."

"மிஷினுக்குத் தோணுச்சா?"

"இல்லைங்க."

"பின்ன யாருக்கும்மா தோணுது?"

"ஐயா, கூட வந்தவங்க யாராவது வெளிய இருந்தா அவங்ககிட்ட குடுத்துடலாம். நானே ஆள் அனுப்பறேன். தொட்டியில போட விடமாட்டேன்."

"என்னைக் கொண்டாந்து விட்ட கார் டிரைவர்கிட்ட குடுத்தா அவன் நெத்தியில வெச்சுக்குவான். கொழந்தை நெத்திக்கு யாரு வெப்பா?"

அது எந்த ரூலிலும் இல்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் வந்தது. நடுவில் வெள்ளைச் சட்டை, முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருத்தன் கையில் நாலடுக்கு எவர்சில்வர் கேரியர். பட்டையில் எதுவும் போகவில்லை, நிலைக்குள்ளும் யாரும் நுழையவில்லை. பக்கத்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள், நேரே போனார்கள். மீசைக்காரன் சல்யூட் வைத்தான். வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கத்தினேன்:

"அடுக்குல என்னாம்மா இருக்குது, சாம்பாரா? அது பசையில சேத்தியா, தண்ணியில சேத்தியா?"

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஒரு அம்மா, "ரசமா இருந்தாக்கூடப் போவும் போல" என்றாள். கேரியர்காரன் மட்டும் திரும்பிப் பார்த்தான். வெள்ளைச் சட்டைக்குக் காது கேட்கவில்லை. அதிகாரிப் பெண்ணின் முகம் சிவந்து போனது. என் மேல் கோபமில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

சிங்கப்பூருக்கு இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். என் முன்னால் டப்பி, பக்கத்தில் பிரித்துப் போட்ட வெள்ளைத் துண்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். துணியைத் திரியாக்கி எரித்துத்தானே இந்த மை வந்தது?

"ஏம்மா, அழுக்குத் துண்டு எடுத்துட்டுப் போவ ரூல் ஏதாவது இருக்குதா?"

அவள் என்னைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள்.

"துண்டுக்கு இதுவரைக்கும் ரூல் எதுவும் வரலீங்க ஐயா" என்றாள். அப்புறம் மீசைக்காரனிடம் இந்தியில் ஏதோ சொல்லி அவனை வரிசைக்கு அனுப்பிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த மேசையிலேயே, மூட்டை தூக்கின இந்தக் கையால், விரலை விட்டு மையை எடுத்துத் துண்டின் ஒரு மூலையில் தேய்த்தேன். நெய் துணியில் இறங்க இறங்க அழுத்தித் தேய்த்தேன். ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்தது. அடியில் ஒட்டினதைச் சுரண்டி என் நெற்றியில் இட்டுக்கொண்டேன். நகக்கண்ணெல்லாம் கரி. யாருக்கும் முதலாளி மாதிரி தெரிந்திருக்க மாட்டேன், இரும்புப் பட்டறையில் வேலை பார்க்கிறவன் மாதிரி இருந்திருப்பேன்.

துண்டு பட்டையில் போனது. டப்பி பட்டையில் போனது. காலி டப்பி போகலாமாம். மிஷின் வாயே திறக்கவில்லை. மை அத்தனையும் விமானம் ஏறியது. டப்பியில் இருந்தால் நாட்டுக்கு ஆபத்து, துண்டில் இருந்தால் ஆபத்தில்லை. இதைக் கண்டுபிடிக்கத்தான் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் உட்கார்ந்து சட்டம் எழுதினார்களா?

போகும்போது அந்தப் பெண் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, தன் புருவ நடுவைத் தொட்டுக்கொண்டாள். நான் துண்டின் மூலையை நீட்டினேன். "டூட்டியில இருக்கேங்க" என்றாள். அவளை நான் திட்டவில்லை. திட்ட வேண்டியவர்கள் அந்தப் பலகையில் இருக்கிறார்கள்.

விமானம் முழுக்கத் துண்டை மடியில் வைத்திருந்தேன். சாப்பாட்டுத் தட்டை வைக்க இடமில்லை, வேண்டாம் என்றுவிட்டேன். சிங்கப்பூரில் மாப்பிள்ளை வந்து கூட்டிப் போனார். கதவைத் திறந்ததும் வீட்டுக்காரி என் நெற்றியையும் கையையும் பார்த்தாள்.

"என்னா கோலம் இது? மை எங்க?"

துண்டை விரித்தேன். நடந்ததைச் சொன்னேன். மேசை, பேனா, ஃபயர், கேரியர் எல்லாம். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"பேசாம பெட்டியிலயே போட்டிருக்கலாம் இல்ல?"

நான் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

மகள் குழந்தையை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள். துண்டின் கறுத்த மூலையைச் சுருட்டி, விரலால் அழுத்தினேன். விரல் நுனியில் மை வந்தது. குழந்தையின் நெற்றியில் வைத்தேன். முகத்தைச் சுளித்து ஒரு தும்மல் போட்டது. மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அன்றைக்குப் போனில் மூச்சு மட்டும் கேட்டேனே, அவளேதான்.

மறுநாள் அவளை உட்கார வைத்து அரசாங்கத்துக்கு ஒரு கடுதாசி சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். அந்தக் காலத்து ஃபாரம் மாதிரியே ஒரு எழுத்து தப்பில்லாமல் எழுதினாள். என்னைச் சோதிக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. தாராளமாகச் சோதியுங்கள், இடுப்பைத் தடவுங்கள். அந்தக் கேரியரையும் திறந்து பாருங்கள். கையில் எது கூடாது என்பதைப் பெட்டி வாங்குகிற இடத்திலேயே, அவரவர் பாஷையில் எழுதிப் போடுங்கள். வெடிமருந்து இல்லை என்று மிஷின் சொன்னபிறகும் ஒரு பொருளைப் பிடித்து வைப்பதானால், அதைத் திரும்பி வந்து வாங்கிக்கொள்ள ஒரு அலமாரியாவது வையுங்கள். குப்பைத் தொட்டி வைக்காதீர்கள். இவ்வளவுதான் கேட்டேன். பதில் வரவில்லை. லாட்ஜ் ஃபாரம் ஒரு நாள் தாமதமானால் ஆள் அனுப்புகிறார்களே, அவர்கள்தான்.

இரண்டு மாசம் கழித்துத் திரும்பினேன். துண்டைத் துவைக்க விடவில்லை. மடித்துக் கைப்பையில் போட்டேன், டப்பியையும் அதற்குள் வைத்தேன். அங்கேயும் இங்கேயும் பட்டையில் போய் வந்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் அதில் மை இருக்கிறது, விரல் வைத்தால் ஒட்டுகிறது.